பீரங்கிக்கு அசையாத கோட்டை ஏலத்தில் இடிந்த கதை

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

பாழடைந்த கோட்டை என்றதும் நம் மனதில் ஒரு போர்தான் வந்து நிற்கும். எதிரி வந்தான், முற்றுகை போட்டான், மதில் உடைந்தது, தீ வைத்தான், எல்லாம் முடிந்தது. ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் இருக்கும் டனாட்டர் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்களும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறார்கள். கூரை இல்லாத சுவர்கள், வானம் தெரிகிற ஜன்னல்கள், புல் மண்டிய கூடங்கள். யாரோ குண்டு வீசித் தகர்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றே தோன்றும். ஆனால் இந்தக் கோட்டை எட்டு மாத முற்றுகையைத் தாங்கியது. அதற்குப் பிறகும் 60 ஆண்டுகளுக்கு மேல் ஆள் புழங்கும் இடமாகத்தான் இருந்தது. அதைப் பிரித்து விற்றது லண்டனில் வீடுகளுக்குத் தண்ணீர் விற்றுவந்த ஒரு கம்பெனி. அது எப்படி நடந்தது என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அபர்டீன் நகருக்குத் தெற்கே ஸ்டோன்ஹேவன் என்று ஒரு துறைமுக ஊர். அங்கிருந்து இன்னும் 3 கிலோமீட்டர் தெற்கே போனால், வட கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிற ஒரு பெரும்பாறை. சுற்றிலும் 50 மீட்டர் உயரச் செங்குத்து. உச்சி மட்டும் தட்டையாக, சுமார் மூன்றரை ஏக்கர். கரையோடு அதைச் சேர்ப்பது ஒடுங்கிய ஒரு நிலத்துண்டுதான். கோட்டைக்குப் போக வேண்டுமென்றால், முதலில் கடல் மட்டம் வரைக்கும் இறங்கி, அப்புறம் மறுபடி ஏற வேண்டும். ஏறுகிறவனுக்கு நேர் எதிரே, பாறைப் பிளவை அடைத்துக் கட்டிய வாசல்; அதன் பக்கத்துச் சுவரில் வரிசையாகத் துப்பாக்கித் துளைகள். அந்தப் பாறையைக் கிட்டப் போய்ப் பார்த்தால் உருண்டைக் கூழாங்கற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும், கடலை மிட்டாயை உடைத்துப் பார்த்த மாதிரி. 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு ஆறுகள் உருட்டிக் கொண்டுவந்து சேர்த்த கற்கள் அவை.

இப்படி ஓர் இடத்தை யார் விட்டுவைப்பார்கள்? 681லும் 694லும் இங்கே முற்றுகை நடந்ததாக அயர்லாந்தின் பழைய ஆண்டுக்குறிப்புகள் சொல்கின்றன. 900ஆம் ஆண்டில் இரண்டாம் டொனால்ட் என்ற அரசன் இங்கே கொல்லப்பட்டான். 934இல் இங்கிலாந்து மன்னன் ஏத்தல்ஸ்டன் இதுவரை படை நடத்தி வந்தான். 1276இல் பாறை மேல் ஒரு தேவாலயம் அர்ப்பணிக்கப்பட்டது. 1297இல் ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடிய ஸ்காட்லாந்து வீரன் வில்லியம் வாலஸ் அந்தத் தேவாலயத்துக்குள் தஞ்சம் புகுந்த 4,000 ஆங்கிலேயரை உயிரோடு எரித்தான் என்று, ஏறக்குறைய 180 ஆண்டுகள் கழித்து ஒரு கவிஞர் பாடினார். மூன்றரை ஏக்கர் பாறையில் ஒரு சின்னத் தேவாலயம். அதற்குள் 4,000 பேரா? இந்த எண்ணிக்கையை நான் நம்பவில்லை. வாலஸ் இந்த இடத்தைப் பிடித்தார் என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

நம் கதைக்கு வேண்டிய குடும்பம் 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் வருகிறது. கீத் குடும்பம். இவர்கள் பரம்பரையாக ஸ்காட்லாந்தின் 'மார்ஷல்' பதவி வகித்தவர்கள். அரசனின் உடலுக்குப் பாதுகாப்பு, நாடாளுமன்றத்தில் ஒழுங்கு, அரச சின்னங்களின் காவல், எல்லாம் இவர்கள் பொறுப்பு. இந்தப் பதவியை மறந்துவிடாதீர்கள். கோட்டையின் வாழ்வும் தாழ்வும் இதில்தான் இருக்கிறது. 1392 வாக்கில் சர் வில்லியம் கீத் பாறை மேல் ஒரு கோபுர வீட்டைக் கட்டினார். தேவாலயத்துக்குச் சொந்தமான புனித நிலத்தில் எப்படிக் கட்டலாம் என்று செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆயர் அவரைத் திருச்சபையிலிருந்தே விலக்கிவிட்டார். கீத் விடவில்லை. போப் வரைக்கும் முறையிட்டார். 1395இல் அவிஞ்ஞோனில் இருந்த போப் பதின்மூன்றாம் பெனடிக்ட், தேவாலயத்துக்கு நஷ்டஈடு கொடுத்துவிட்டு வீட்டை வைத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொன்னார். 1458இல் கீத் குடும்பத்துக்குப் பிரபுப் பட்டமும் கிடைத்தது. அதிலிருந்து அவர்கள் மார்ஷல் பிரபுக்கள்.

அடுத்த 200 ஆண்டுகளில் அந்த ஒற்றைக் கோபுரம் ஒரு சின்ன ஊராகவே வளர்ந்தது. குதிரை லாயம், கொல்லன் பட்டறை, ரொட்டி அடுப்பு, பீர் காய்ச்சும் அறை, தேவாலயம், நடுவில் பெரிய தண்ணீர்த் தொட்டி. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் அரண்மனை போலக் கட்டினார்கள். ஸ்காட்லாந்து அரசி மேரி வந்து தங்கினார், அவர் மகன் ஆறாம் ஜேம்ஸும் வந்தார். ஐந்தாம் மார்ஷல் பிரபு 1593இல் அபர்டீனில் ஒரு கல்லூரி தொடங்கினார். மார்ஷல் கல்லூரி என்று அந்தப் பெயர் இன்றும் நகரத்தின் நடுவில் இருக்கிறது. செல்வமும் படிப்பும் அதிகாரமும் ஒரே வீட்டில் சேர்ந்திருந்த காலம் அது.

17ஆம் நூற்றாண்டில் உள்நாட்டுப் போர்கள் வந்தன. 1645இல் அரசர் பக்கத்துத் தளபதி மாண்ட்ரோஸ் ஸ்டோன்ஹேவனையும் சுற்றியிருந்த கிராமங்களையும் கொளுத்தினார். ஏழாம் மார்ஷல் பிரபு எதிர்க் கட்சி. கோட்டைக்குள் பத்திரமாக இருந்தபடி, தன் குடிகளின் வீடுகள் எரிகிற புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடவே தஞ்சம் புகுந்திருந்த ஒரு போதகர், அந்தப் புகை ஆண்டவரின் நாசிக்கு இனிய தூபம் என்று அவருக்கு ஆறுதல் சொன்னாராம். வீடு இழந்தவர்களிடம் அந்த வார்த்தையைச் சொல்ல முடியுமா? கோட்டை யாரைக் காப்பாற்றியது, யாரைக் காப்பாற்றவில்லை என்பதற்கு இந்த ஒரு நாள் போதும்.

சரி, இப்போது டனாட்டரின் பெரிய நாட்களுக்கு வருவோம். 1651 ஜனவரி 1 அன்று ஸ்கூன் என்ற இடத்தில் இரண்டாம் சார்லஸுக்கு முடி சூட்டினார்கள். ஸ்காட்லாந்து மண்ணில் நடந்த கடைசி முடிசூட்டு விழா அதுதான். அவர் தந்தையின் தலையை வெட்டிய, இங்கிலாந்து நாடாளுமன்றப் படைத் தலைவர் குரோம்வெல்லின் கட்சி அப்போது ஸ்காட்லாந்துக்குள்ளேயே இருந்தது. எடின்பரோ கோட்டை ஒரு வாரத்துக்கு முன்பே அவர்கள் கையில் விழுந்திருந்தது. அப்படியானால் மணிமுடி, செங்கோல், உடைவாள் மூன்றையும் எங்கே வைப்பது? இங்கிலாந்தின் பழைய அரச சின்னங்களை அந்தக் கட்சி ஏற்கனவே உருக்கி விற்றிருந்தது. ஸ்காட்லாந்தின் செங்கோல் 1494இலும் வாள் 1507இலும் போப்பாண்டவர்கள் நான்காம் ஜேம்ஸுக்கு அனுப்பிய பரிசுகள். முடி 1540இல் ஐந்தாம் ஜேம்ஸுக்காகத் திருத்தி அமைத்தது. இவை போனால் திரும்ப வராது. காவல் பொறுப்பு மார்ஷலுக்குத்தானே? நாடாளுமன்றம் 1651 ஜூனில் அவற்றை டனாட்டருக்கு எடுத்துப் போகச் சொன்னது.

ஆகஸ்ட் மாதமே பிரபு பிடிபட்டு லண்டன் டவர் சிறைக்குப் போய்விட்டார். கோட்டைப் பொறுப்பு ஜார்ஜ் ஓகில்வி என்ற பக்கத்து நிலக்கிழாரிடம். அவரிடம் இருந்த வீரர்கள் ஏறக்குறைய 70 பேர். செப்டம்பரில் ஆங்கிலப் படை வந்து சூழ்ந்தது. ஓகில்வி அரசருக்கு உதவி கேட்டுக் கடிதம் மேல் கடிதம் எழுதினார், ஒன்றும் வரவில்லை. பிரிட்டனிலேயே அரசர் பக்கம் மிச்சமிருந்த கடைசிக் கோட்டைகளில் ஒன்றாகக் குளிர்காலம் முழுவதும் அந்தப் பாறை தாங்கி நின்றது.

இதற்குள் ஒரு காரியம் நடந்தது. தெற்கே சில மைல் தூரத்தில் கின்னெஃப் என்ற சிற்றூர். அங்கே ஜேம்ஸ் கிரெய்ஞ்சர் போதகராக இருந்தார். அவர் மனைவி கிறிஸ்டியன் ஃப்ளெட்சர். கிறிஸ்டியன் ஆங்கிலத் தளபதியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, ஓகில்வியின் மனைவியைப் பார்க்கக் கோட்டைக்குள் போனார். திரும்பும்போது மணிமுடி அவர் மடியில் துணிகளுக்குள் இருந்தது. வாளும் செங்கோலும் வேலைக்காரப் பெண் சுமந்து வந்த சணல் நார்க் கட்டுக்குள் இருந்தன. ஆங்கிலத் தளபதியே அந்த அம்மாளுக்குக் கைகொடுத்துக் குதிரை மேல் ஏற்றிவிட்டார் என்றும் சொல்வார்கள். இன்னொரு கதையும் இருக்கிறது: கோட்டைச் சுவரிலிருந்து பொருள்களைக் கயிற்றில் கீழே இறக்க, கடற்பாசி பொறுக்குவதுபோல நின்ற ஒரு பெண் கூடையில் எடுத்துப் போனாள் என்று. பிறகு பரிசுக்காகக் குடும்பங்கள் சண்டை போட்டுக்கொண்டதால் ஆளுக்கொரு கதை உருவாகிவிட்டது. எந்தக் கதையை எடுத்தாலும் அந்தப் பொருள்களைத் தாண்டவைத்தது ஆங்கிலக் காவலர்கள் சந்தேகப்படாத பெண்கள்தான். அரசரின் தனிக் காகிதங்களையும் இப்படித்தான் ஆன் லிண்ட்சே என்ற பெண் உடுப்புக்குள் தைத்துக்கொண்டு வெளியே கொண்டுபோனார்.

கிரெய்ஞ்சர் என்ன செய்தார் என்பதை அவரே பிரபுவின் வீட்டு அம்மாளுக்கு எழுதிக்கொடுத்திருக்கிறார். இரவில் தேவாலயத்துக்குள் போனார். பிரசங்க மேடைக்கு நேர் முன்னால் இருந்த தளக் கல்லைப் பெயர்த்தார், குழி தோண்டினார், முடியையும் செங்கோலையும் வைத்து மூடி, கல்லை முன்பிருந்த மாதிரியே பொருத்தினார். வாளைத் தேவாலயத்தின் மேற்குக் கோடியில் இருக்கைகளுக்கு நடுவே புதைத்தார். அப்புறம் அவ்வப்போது இரவில் கணவனும் மனைவியும் தோண்டி எடுத்து, ஈரத்தில் கெட்டுப்போகாமல் அடுப்பு வெப்பத்தில் காட்டி, மறுபடி புதைத்து வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊர் சனம் அந்தக் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து பிரசங்கம் கேட்டது. இப்படி எட்டு ஆண்டுகள். எடின்பரோ கோட்டையில் இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அந்த வாள் நடுவில் ஒடிந்த வாள். மறைத்துக் கொண்டுபோக வசதியாக அப்போது ஒடித்ததுதான் என்று சொல்கிறார்கள்.

1652 மே மாதம் கனரக பீரங்கிகள் வந்தன. சுமார் பத்து நாள் குண்டு விழுந்தது. மே 24 அன்று ஓகில்வி நிபந்தனைகளோடு சரணடைந்தார். உள்ளே போன ஆங்கிலேயர் தேடிய பொருள் இல்லை. ஓகில்வியையும் அவர் மனைவி எலிசபெத் டக்ளஸையும் கோட்டையிலேயே அடைத்து வைத்து விசாரித்தார்கள். இருவரும் வாய் திறக்கவில்லை. எலிசபெத் விடுதலையான கொஞ்ச காலத்திலேயே இறந்துபோனார். 1660இல் இரண்டாம் சார்லஸ் மறுபடி அரியணைக்கு வந்தார், பரிசுகள் வந்தன. பிரபுவின் தம்பி ஜான் கீத்துக்கு ஒரு பதவி, ஓய்வூதியம், பிறகு பிரபுப் பட்டமே கிடைத்தது. எட்டு மாதம் கோட்டையைக் காத்த ஓகில்விக்குப் பெயருக்கு முன்னால் 'சர்'. கிறிஸ்டியனுக்கு 2,000 மெர்க் (அன்றைய ஸ்காட்லாந்து நாணயம்) பணம் தர நாடாளுமன்றம் தீர்மானித்தது. இந்த வரிசையைத் தலைகீழாக வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இவ்வளவு பெருமையைச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் போவது நேர்மை இல்லை. 1685 மே மாதம் இதே கோட்டைக்கு 167 கைதிகள் நடத்திக் கொண்டுவரப்பட்டார்கள். 122 ஆண்கள், 45 பெண்கள். மதக் காரியங்களில் அரசனுக்குத் தலைமை இல்லை என்று நின்ற 'கவனன்டர்' என்ற பிரிவைச் சேர்ந்த சாதாரண மக்கள். 16 மீட்டர் நீளம், நாலரை மீட்டர் அகலம் உள்ள ஒரு நிலவறை. அதற்குள் இவர்களில் 110 பேரைத் தள்ளிப் பூட்டினார்கள். 42 பேரை இன்னொரு அறையில். கிரிசல் கேர்ன்ஸ், ஆலிசன் ஜான்ஸ்டன் என்று இரண்டு கைதிகளின் மனைவிமார் அரச மன்றத்துக்கு ஒரு மனு கொடுத்தார்கள். ஆணும் பெண்ணும் ஒன்றாக அடைபட்டிருக்கிறார்கள், வெளிச்சம் கிடையாது, மண் கலந்த மாவைக் கொள்ளை விலைக்கு விற்கிறார்கள் என்று அதில் எழுதினார்கள். ஒரு நாள் ராத்திரி 25 பேர் ஜன்னல் வழியாக வெளியேறிப் பாறைச் செங்குத்தில் இறங்கினார்கள். பாதிக்கு மேல் பிடிபட்டார்கள். பிடிபட்டவர்களின் விரல்களுக்கு நடுவே எரியும் திரியைச் செருகினார்கள். கோடையின் முடிவில், பணியாதவர்களை வட அமெரிக்காவின் நியூ ஜெர்சிக்குக் கப்பலேற்றினார்கள். அந்தப் பயணத்தில் சுமார் 70 பேர் காய்ச்சலில் செத்தார்கள்.

டனாட்டர் ஊர்த் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் இவர்களுக்கு ஒரு கல் இருக்கிறது. நாலு பெயர்கள் வரிசையாக வரும். அப்புறம், 'இன்னொருவர், அவர் பெயர் எங்களுக்குக் கிடைக்கவில்லை' என்று வரும். 'இரண்டு பெண்கள், அவர்கள் பெயரும் தெரியாது' என்று வரும். பாறையில் இறங்கும்போது விழுந்து செத்த இருவரில் ஒருவர் ஜேம்ஸ் வாட்சன், மற்றவர் யாரென்று தெரியாது என்று வரும். தெரியாததையும் கல்லில் வெட்டி வைத்த அந்த மனிதர்களை நான் மிகவும் மதிக்கிறேன். மணிமுடியைக் காத்ததற்காகக் கோட்டையைப் புகழ்கிற ஒவ்வொரு தடவையும் இந்தக் கல்லையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி வீழ்ச்சி. அது ஒரு காகிதத்தில் தொடங்குகிறது. 1707இல் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஒரே நாடாளுமன்றத்தின் கீழ் இணைந்தன. ஸ்காட்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் இல்லை, தனி முடிசூட்டு இல்லை. அப்புறம் மார்ஷலுக்கு என்ன வேலை? ஒன்பதாம் பிரபு எதிர்ப்பைப் பதிவுசெய்து, அரச சின்னங்களை எடின்பரோ கோட்டையிலிருந்து வெளியே கொண்டுபோகக் கூடாது என்று எழுதி வாங்கினார். அவற்றை ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். 1818இல் எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டும் அதிகாரிகளும் அந்தப் பெட்டியைத் திறக்கும் வரை, உள்ளே இருக்கிறதா இல்லையா என்றே நாட்டுக்குத் தெரியாது.

ஒன்பதாம் பிரபுவின் மகன், பத்தாம் பிரபு ஜார்ஜ் கீத், இருபது வயதைத் தாண்டிய இளைஞர். 1715இல், அரியணை இழந்திருந்த பழைய ஸ்டூவர்ட் அரச குடும்பத்துக்காகக் கிளர்ச்சியில் இறங்கினார். கிளர்ச்சி தோற்றது. கவனியுங்கள், அதில் டனாட்டர் கோட்டையில் சண்டை எதுவும் நடக்கவில்லை. ஸ்டூவர்ட் இளவரசர் வந்திறங்கியபோதுகூடக் கீத் குடும்பத்தின் இன்னொரு வீடான ஃபெட்டரெஸ்ஸோவில்தான் தங்கினார். காற்றடிக்கும் பாறையை விட அந்த வீடு வசதி. ஆனால் தேசத்துரோகத் தீர்ப்பில் பட்டம், பதவி, நிலம், கோட்டை எல்லாம் ஒரே வரியில் போயின.

பறிமுதல் செய்த சொத்துகளை அரசாங்கம் விற்கப் பார்த்தது. பக்கத்து வீட்டுக்காரனின் பறிபோன நிலத்தை வாங்க ஸ்காட்லாந்தில் ஆள் முன்வரவில்லை. அப்போது வந்ததுதான் யார்க் பில்டிங்ஸ் கம்பெனி. 1675இல் தேம்ஸ் ஆற்றங்கரையில் தண்ணீர் இறைத்து லண்டன் வீடுகளுக்கு விற்கத் தொடங்கிய நிறுவனம். 1719இல் சில பங்குச் சந்தைக்காரர்கள் அதை வாங்கினார்கள். அவர்களுக்குத் தண்ணீரில் அக்கறை இல்லை. அந்த நிறுவனத்துக்கு நிலம் வாங்கும் சட்ட உரிமை இருந்தது, அதுதான் வேண்டியிருந்தது. 12 லட்சம் பவுண்டு பங்கு வெளியிட்டு, ஸ்காட்லாந்தில் பறிமுதலான எஸ்டேட்டுகளை 3 லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கிக் குவித்தார்கள். மார்ஷல் பிரபுவின் சொத்து 41,172 பவுண்டுக்குப் போனது. ஆண்டு 1720. லண்டன் பங்குச் சந்தையே நீர்க்குமிழியாய் வெடித்த அதே ஆண்டு.

நிலத்தைக் குத்தகைக்கு விடலாம், மரத்தை வெட்டி விற்கலாம். ஆள் இல்லாத ஒரு கோட்டையை வைத்துக்கொண்டு கம்பெனி என்ன செய்யும்? கழற்றி விற்கும். அதைத்தான் செய்தார்கள். இதை வாங்கினவனுக்கு ஒரு கட்டடம் என்பது மரம், ஈயம், பலகைக்கல், இரும்பு, ஜன்னல் சட்டம் என்று தனித்தனிச் சரக்கு. கூரை போனதும் சுவரின் தலை வழியாக மழை உள்ளே இறங்குகிறது. குளிர்காலத்தில் அந்த ஈரம் உறைந்து விரிந்து, சுண்ணாம்புக் காரையைப் பொடியாக்குகிறது. விட்டங்கள் இல்லாத உயரச் சுவருக்குப் பக்கத் தாங்கல் கிடையாது. அப்புறம் காற்று பார்த்துக்கொள்கிறது. நீங்கள் இன்று பார்க்கிற பாழ் என்பது பெரும்பாலும் இந்த வேலைதான். குரோம்வெல்லின் பீரங்கியால் முடியாததை, எடைபோட்டு விற்கிறவர்கள் சத்தமில்லாமல் செய்து முடித்தார்கள். அந்தக் கம்பெனிக்கும் இதில் லாபம் வரவில்லை. கடனில் மூழ்கி, நூறு ஆண்டு வழக்கு நடத்தி, 1829இல் கலைந்தது.

ஜார்ஜ் கீத் ஐரோப்பாவில் வாழ்ந்தார். இன்றைய ஜெர்மனிப் பகுதியில் இருந்த பிரஷ்யாவின் இரண்டாம் ஃபிரடெரிக் மன்னருக்குத் தூதராகவும் ஆளுநராகவும் இருந்தார். அவர் தம்பி ஜேம்ஸ் கீத் அதே மன்னரின் படைத் தலைவராகி 1758இல் போர்க்களத்தில் இறந்தார். 1759இல் ஜார்ஜுக்கு மன்னிப்புக் கிடைத்தது. 1760களில் ஜார்ஜ் திரும்பி வந்து டனாட்டரை விலைக்கு வாங்கினார். சில ஆண்டுகளிலேயே அலெக்சாண்டர் கீத் என்ற எடின்பரோ வழக்கறிஞருக்கு விற்றுவிட்டு ஃபிரடெரிக்கிடமே போய்விட்டார். 1778இல் பாட்ஸ்டாமில் இறந்தார். எழுபது வயதை ஒட்டிய, பிள்ளையில்லாத ஒரு மனிதர், கூரையில்லாத வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு 150 ஆண்டுகள் மழையும் காற்றும்தான். 1919இல் வீட்மன் பியர்சன், அதாவது முதலாம் கௌட்ரே பிரபு, இந்த இடத்தை வாங்கினார். உலகெங்கும் சுரங்கப்பாதைகளும் துறைமுகங்களும் கட்டியவர், மெக்சிகோ எண்ணெயில் பணக்காரர் ஆனவர். 1925இல் அவர் மனைவி ஆனி பியர்சன் பழுதுபார்க்கும் வேலையைத் தொடங்கினார். விழ இருந்த சுவர்களை நிறுத்தினார்கள், முற்றத்தின் ஒரு பக்கத்தில் இருந்த வரவேற்பறைக்கு மறுபடி கூரையும் ஓக் மர விதானமும் போட்டார்கள். முழுக் கோட்டையையும் புதிதாகக் கட்ட முயலாதது நல்ல முடிவு என்பேன். எது பழையது, எது புதியது என்று இன்றும் பிரித்துப் பார்க்க முடிகிறது. 1970 முதல் அரசின் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னப் பட்டியலில் இருக்கிறது. சொத்து இன்னும் அந்தக் குடும்பத்திடம்தான். பலத்த காற்றடித்தால் வாசலை மூடிவிடுவார்கள்.

ஸ்காட்லாந்து போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டனாட்டரைப் பார்க்க எல்லோரும் போகிறார்கள், அக்கரையில் நின்று படம் எடுக்கிறார்கள். நிலவறைக்குள்ளும் ஐந்து நிமிடம் நில்லுங்கள். பிறகு தெற்கே கின்னெஃப் வரைக்கும் வண்டியை விடுங்கள். இப்போது அங்கே இருப்பது 1738இல் அதே இடத்தில் கட்டிய தேவாலயம். உள்ளே கிரெய்ஞ்சருக்கும் ஓகில்விக்கும் நினைவுக் கற்கள் இருக்கின்றன. கூட்டம் இருக்காது, நிதானமாகப் பார்க்கலாம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். நன்றி.